பிரெஞ்சுக் கிராமச் சந்தைக்கு ஒரு நாள்: நார்மண்டியா, லுபெரோனா, பெரிகோரா?

தென்பிரான்சின் கோர்த் கிராமத்துக்குத் திங்கட்கிழமை போனால் மலைமேல் அடுக்கடுக்காகக் கல்வீடுகள் இருக்கும், படமெடுக்கக் கூட்டம் இருக்கும், சந்தை மட்டும் இருக்காது. அங்கே சந்தை செவ்வாய்க்கிழமை காலையில். மதியம் ஒன்றரைக்குப் போய் இறங்கினால் செவ்வாயன்றும் இருக்காது. கடைக்காரர்கள் குடையை மடக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

பாரிசுக்கு வரும் நம் ஆட்கள் பலர் "ஒரு நாளாவது கிராமத்துப் பக்கம் போய் நிதானமா சுத்தணும், அங்க சந்தை பாக்கணும்" என்பார்கள். சொல்லிவிட்டு, எந்த ஊரின் படம் கண்ணில் பட்டதோ அந்த ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். அழகான ஊரும் நல்ல சந்தையும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். 'பிரான்சின் மிக அழகான கிராமங்கள்' என்று ஒரு சங்கம் 1982-இல் தொடங்கப்பட்டது. அதன் பட்டியலில் இடம்பெற ஊரின் மக்கள்தொகை 2000-ஐத் தாண்டக்கூடாது. சந்தைக்கோ சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள் வந்து கூடுகிற, கொஞ்சம் பெரிய ஊர் வேண்டும். வங்கியும் மருந்துக்கடையும் இருக்கிற, படத்துக்கு அவ்வளவு எடுப்பாக இல்லாத ஊர். ஆகவே காலையில் சந்தை ஓர் ஊரில், மதியத்துக்கு மேல் அழகு பார்ப்பது இன்னோர் ஊரில் என்று பிரித்துக்கொள்வதே சரி. எந்தக் கிழமை ஓய்வாக இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊர் அதிலிருந்து தானாக அமையும்.

நண்பர்களும் உறவினர்களும் கேட்கும்போது நான் சொல்வது மூன்று பகுதிகள்: பாரிசுக்குப் பக்கத்தில் நார்மண்டியின் பெயி தோஜ், தெற்கே ப்ரொவான்சின் லுபெரோன், தென்மேற்கே பெரிகோர். மூன்றுக்கும் சந்தை, கிராமம், சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் மூன்றும் ஒரே மாதிரியான நாளைத் தராது.

நார்மண்டியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாரிசில் தங்கியிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடிவது இது மட்டும்தான். சந்தை சென் பியேர் சூர் தீவ் என்ற ஊரில், திங்கட்கிழமை காலையில். திங்கட்கிழமை என்பதே ஒரு வசதி. அன்று வெர்சாய் அரண்மனையும் ஓர்சே அருங்காட்சியகமும் மூடியிருக்கும். பாரிசில் 'இன்னைக்கு எங்க போறது' என்று விழிக்கிற நாளை இங்கே செலவழிக்கலாம்.

இந்த ஊரின் சந்தைக் கூடம் பதினோராம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம். 1944-இல் போரில் எரிந்துபோனது. ஊர்க்காரர்கள் பழையபடியே, மரத்தை மரஆப்பால் இணைக்கும் பழைய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். உள்ளே நுழைந்தால் முதலில் கண் இருட்டும். தலைக்கு மேலே தூணும் உத்தரமும் கப்பலைக் கவிழ்த்துவைத்த மாதிரி போகின்றன. கூண்டுகளில் உயிருள்ள கோழி, வாத்து, முயல். பின்னங்காலைத் தூக்கிப் பார்த்து விலை பேசுகிற பெரியவர்கள். வெளியே திறந்தவெளியில் சீஸ், கிரீம், ஆப்பிள் சாறு, சைடர் என்ற புளித்த ஆப்பிள் மது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று நடக்கும் சந்தை இல்லை இது. வாரச்சந்தையாகவே நடக்கிறது, நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும்.

சீஸ்கடையில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கமம்பேர் என்ற இந்தப் பகுதிச் சீஸைக் கேட்டால் நல்ல கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார், "எப்போது சாப்பிடப் போகிறீர்கள்?" என்று கேட்பார். இன்று மதியத்துக்கா, இரண்டு நாள் கழித்தா? பிறகு மரப்பெட்டியின் மூடியைத் திறந்து, கட்டைவிரலால் நடுவில் மெல்ல அழுத்திப் பார்த்து, இரண்டை ஒதுக்கிவிட்டு மூன்றாவதைத் தருவார். பெட்டியில் 'கமம்பேர் த நோர்மாந்தி' என்று இருந்தால் அது சட்டப்படி காய்ச்சாத பாலில், தயிர்க்கட்டியைக் கரண்டி கரண்டியாகக் குறைந்தது ஐந்து முறை அச்சில் ஊற்றிச் செய்தது. வெறுமனே 'கமம்பேர்' என்றிருந்தால் ஆலையில் செய்ததாக இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வாயில் வைத்தால் வித்தியாசம் தெரியும். (கமம்பேர் என்ற கிராமம் பக்கத்தில்தான் இருக்கிறது. பேருக்காகப் போய்ப் பார்க்கலாம், சில வீடுகளைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.)

நம் நாக்குக்கு இந்தச் சந்தையில் இன்னொரு பொருள் இருக்கிறது: தெர்கூல். அரிசி, பால், சர்க்கரை, கொஞ்சம் பட்டைத்தூள். மண்சட்டியில் ஊற்றி மெல்லிய சூட்டில் அடுப்பினுள் ஐந்தாறு மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். மேலே கரும்பழுப்பாக ஓர் ஆடை கட்டும், அடியில் குழைந்த அரிசி. நம் பால்பாயசத்தைக் கிண்டாமல் மறந்துவிட்டால் எப்படி வருமோ அப்படி, ஆனால் வேண்டுமென்றே மறந்தது. நெல் விளையாத நார்மண்டியில் இப்படியொரு பண்டம் கப்பல் வணிகத்தால் வந்தது. அரிசியும் பட்டையும் துறைமுகம் வழியாக இறங்கி, ஊர்ப் பாலோடு சேர்ந்துகொண்டன.

பதினொன்றரை மணிக்குள் வாங்குவதை வாங்கிவிட்டு, சந்தையைச் சுற்றியுள்ள காபிக் கடையில் உட்கார்ந்துவிடலாம். திங்கட்கிழமை சுற்றுக் கிராமங்களில் உணவகங்கள் பல மூடியிருக்கும். சந்தை நடப்பதால் இந்த ஊரில் மட்டும் சாப்பாடு கிடைக்கும். மதியத்துக்கு மேல் பெவ்ரோன்-ஆன்-ஓஜ். அழகான கிராமங்கள் பட்டியலில் உள்ள ஊர், குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் தெரியும் வீடுகள், ஒரு சதுக்கம், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம், ஆனால் ஒரு கோப்பை சைடரோடு இரண்டு மணி நேரம் உட்கார ஏற்ற இடம். வழியில் காம்ப்ரமேரைச் சுற்றி 'சைடர் பாதை' என்று பலகை வைத்த சாலை போகிறது. பண்ணை வாசலில் 'க்ரூ த காம்ப்ரமேர்' என்ற பலகை தொங்கினால் உள்ளே போய்ச் சுவை பார்க்கலாம். ஏப்ரல் கடைசியில் இருந்து மே நடுவரை போனால் ஆப்பிள் தோட்டமெல்லாம் பூத்திருக்கும்.

குறை என்னவென்றால் கார் வேண்டும். பாரிஸ் சென் லசார் நிலையத்தில் இருந்து லிசியூவுக்கோ கானுக்கோ இரண்டு மணி நேரத்துக்குள் ரயில் வந்துவிடும், அதற்கு மேல் பேருந்தை நம்பினால் நாள் வீண். கான் நிலையத்தருகே வாடகைக் கார் கிடைக்கிறது. பாரிசில் இருந்தே காரில் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஏ13 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடித் தடுப்புகள் இப்போது இல்லை, கேமரா எண்ணைப் படித்துக்கொள்கிறது. 72 மணி நேரத்துக்குள் நீங்களாகவே இணையத்தில் கட்ட வேண்டும். தடுப்பே இல்லையே, இலவசம் போலிருக்கிறது என்று ஊர் திரும்பியவர்களுக்கு வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதக் கடிதம் வந்துசேரும்.

வீட்டில் மாதாபக்தி, புனிதர் பக்தி உள்ள பெரியவர்கள் இருந்தால் லிசியூவே ஒரு காரணம். சிறுமலர் என்று நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் பெயர் தந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசா வாழ்ந்து 1897-இல் இறந்த ஊர். பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதற்காகப் பெவ்ரோனை விடலாம், சந்தையை விட வேண்டாம்.

லுபெரோன் வேறு உலகம். வெயில், ஆலிவ், காவிநிறப் பாறை. படங்களில் பார்த்து ஆசைப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மனதில் வைத்திருப்பது இதைத்தான். இங்கே கிழமைக்கு ஓர் ஊர்: செவ்வாய் கோர்த், வியாழன் ரூசியோன், வெள்ளி லூர்மரன், சனி ஆப்த், ஞாயிறு லீல்-சூர்-லா-சோர்க். வியாபாரிகளிலும் பலர் இந்த வரிசையில்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். செவ்வாயன்று பார்த்த அதே மேசைவிரிப்புக் கடையை வெள்ளியன்றும் பார்ப்பீர்கள்.

இவற்றில் எது? கோர்த், ரூசியோன் சந்தைகள் சிறியவை, ஊரின் அழகுக்குத் துணையாக நடப்பவை. ஞாயிற்றுக்கிழமை லீல்-சூர்-லா-சோர்க் மிகப் பெரியது. சோர்க் ஆற்றின் கால்வாய்களில் பாசி படிந்த நீர்ச்சக்கரங்கள் சுற்ற, கரையோரம் காய்கறி, துணி, பழம்பொருள் கடைகள் எல்லாம் ஒன்றாக. ஜூலை, ஆகஸ்டில் ஒன்பது மணிக்கு மேல் போனால் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை போய்விடும், பிறகு தோளோடு தோள் இடித்துக்கொண்டு நகர வேண்டும். 'நிதானம்' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஆனால் கார் ஓட்டாதவர்களுக்கு இதுதான் கதி, நல்ல கதியும்கூட. அவினியோன் மைய நிலையத்தில் இருந்து உள்ளூர் ரயில் அரை மணி நேரத்தில் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். பாரிசில் இருந்து அதிவேக ரயில் அவினியோனுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது என்றாலும், அன்று காலை கிளம்பி வந்தால் சந்தை கலைகிற நேரத்துக்குத்தான் சேர்வீர்கள். முந்தைய இரவு அவினியோனில் தங்குங்கள்.

ஆப்த் சனிக்கிழமைச் சந்தை உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்க வருவது. சர்க்கரைப் பாகில் ஊறிய முழுப் பழங்களுக்கு இந்த ஊர் பேர்போனது. ஊர் பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது. என் தேர்வு வெள்ளிக்கிழமை லூர்மரன். அழகான கிராமமும் உருப்படியான சந்தையும் ஒரே இடத்தில் அமைந்த அபூர்வங்களில் ஒன்று. பிளாட்டான் மர நிழலில் கடைகள், பக்கத்தில் ஒரு கோட்டை. 1957-இல் நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் ஆல்பேர் காம்யு மறுவருடம் இங்கேதான் வீடு வாங்கினார். 1960 ஜனவரியில் விபத்தில் இறந்தபோது இந்த ஊர்க் கல்லறையிலேயே புதைத்தார்கள். கல்லில் பெயரும் ஆண்டும் மட்டும், சுற்றிச் செடிகள். சந்தை முடிந்ததும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு மூன்றில் லுபெரோன்தான் முதல். மே, ஜூனில் செர்ரி, ஜூனில் இருந்து கவாயோன் முலாம்பழம், செப்டம்பரில் வான்தூ மலையடிவாரத்து மஸ்கட் திராட்சை, கோடை முழுக்கத் தக்காளி, கத்தரி, ஆட்டுப்பால் சீஸ். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ரொட்டியில் தடவிச் சுவைக்கத் தரும் தப்பெனாத் என்ற ஆலிவ் விழுதில் நெத்திலி சேர்ப்பது வழக்கம். பாரம்பரியச் சீஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் ரென்னெட்தான் பயன்படுகிறது. இது நார்மண்டிக்கும் பொருந்தும், அங்கே கமம்பேரும் அப்படித்தான். கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டே வாங்குவது நல்லது.

இன்னொன்று, லாவெண்டர் பைகள். எல்லாச் சந்தையிலும் மலையாகக் குவித்திருப்பார்கள். சமவெளியில் பயிராவது பெரும்பாலும் லாவந்தான் என்ற கலப்பினம், மணம் கொஞ்சம் கற்பூரக் காட்டம். மலைமேல் விளையும் உண்மையான லாவெண்டர் விலை கூடுதல். 'மார்செய் சோப்பு' என்று விற்பவை எல்லாம் மார்செய்யில் செய்தவையும் அல்ல. பரிசுக்கு வாங்கலாம், ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கத் தேவையில்லை, தெரிந்து வாங்கினால் சரி. பூத்த வயலைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதி. ஆகஸ்டில் வந்து வயல் எங்கே என்று கேட்டால் அறுவடை முடிந்த மொட்டை வரிகளைத்தான் காட்டுவார்கள்.

பெரிகோரைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: பாரிசில் இருந்து ஒரு நாளில் முடியாது. போர்தோ வரை அதிவேக ரயில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து சார்லாவுக்கு உள்ளூர் ரயில் இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம், இடையில் காத்திருப்பு வேறு. ஆனால் இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால், மூன்றிலும் நிதானமான நாள் இங்கேதான் கிடைக்கும். தூரம் குறைவு என்பதே காரணம். சார்லாவில் இருந்து டோம் சுமார் 12 கிலோமீட்டர், அங்கிருந்து லா ரோக் கஜாக் 5, பிறகு பெய்னாக் அதே அளவு. எல்லாம் தோர்தோன் ஆற்றங்கரை. காரில் உட்கார்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு.

சார்லாவில் புதன் சிறிய சந்தை, சனிக்கிழமை பெரியது. தேன்நிறக் கல்லில் கட்டிய பழைய நகரம் அப்படியே நிற்பதற்கு ஒரு சட்டம் காரணம்: பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ 1962-இல் கொண்டுவந்த பழைய நகர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதலில் சீரமைக்கப்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. பாதி இடிந்த சென்-மரி தேவாலயத்தைக் கட்டடக் கலைஞர் ஜான் நூவேல் சந்தைக் கூடமாக மாற்றி, 15 மீட்டர் உயர இரும்புக் கதவுகளை மாட்டினார். அந்தக் கதவின் அடியில் நின்று வெள்ளரிக்காய் வாங்குவது விசித்திரமான அனுபவம்தான்.

வாத்தும் கூஸ் என்ற பெரிய வாத்தும் இங்கே எல்லாவற்றிலும் இருக்கும். பக்கவாட்டில் தருகிற உருளைக்கிழங்கு வறுவல்கூட வாத்துக் கொழுப்பில் வறுத்ததே. சைவர்களுக்குச் சந்தையில் பிரச்சினை இல்லை: வசந்தத்தில் ஸ்ட்ராபெரி, அக்டோபரில் புது வால்நட், வால்நட் எண்ணெய், கையகல ரோக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ். உணவகத்தில்தான் சங்கடம். ஃபுவா க்ரா டின்களை ஊருக்கு வாங்கிப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பறவைக்குக் குழாய் வைத்து வலுக்கட்டாயமாக ஊட்டி ஈரலைப் பெருக்கச் செய்யும் பண்டம் அது, இந்தியா 2014-இல் அதன் இறக்குமதியைத் தடைசெய்துவிட்டது. வால்நட் எண்ணெய் வாங்குங்கள்.

குழந்தைகளோடு ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு என் ஓட்டு பெரிகோருக்குத்தான், அதுவும் பகல் சந்தைக்காக அல்ல. இங்கே கோடையில் இரவுச் சந்தைகள் நடக்கும். ஊர்ச் சதுக்கத்தில் நீள நீளமாக மேசை, பெஞ்சு. சுற்றிலும் கடைகளில் ஆளுக்கொன்றாக வாங்கிவந்து யார் பக்கத்திலாவது உட்கார்ந்து சாப்பிடலாம். தட்டு, கரண்டி, டம்ளர் நாமே கொண்டு போக வேண்டும், உள்ளூர்க்காரர்கள் கூடையில் மேசைவிரிப்போடு வருவார்கள். பிள்ளைகள் பத்து மணி வரை சதுக்கத்தில் ஓடும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இவை மூன்றும் ஒத்துவராதவர்களுக்கு ஒரு நான்காவது வழி, சுருக்கமாக: கிழக்கே ப்ரெஸ் பகுதியின் லூவான். அங்கேயும் திங்கட்கிழமைதான். ஓரமெல்லாம் 157 கட்டட வளைவுகள் கொண்ட நீண்ட வீதியில் சந்தை, தனியாகக் கோழிச் சந்தை. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியின் நிறத்தில் நிற்கும் ப்ரெஸ் கோழிக்கு 1957-இல் இருந்தே சட்டப்படி பெயர்ப் பாதுகாப்பு உண்டு. கோழிவளர்ப்பிலோ சமையலிலோ ஈடுபாடு உள்ளவர் போகலாம். மற்றவர்களுக்கு நார்மண்டியே போதும்.

எந்த ஊருக்குப் போனாலும் சந்தை நடைமுறை ஒன்றுதான். எட்டு மணியில் இருந்து பன்னிரண்டரை வரை. ஒன்பது, ஒன்பதரைக்குச் சேர்வது உத்தமம். "போன்ஜூர்" சொல்லாமல் விலை கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள். பழத்தைக் கையால் எடுத்து அமுக்கக்கூடாது, கடைக்காரரே எடுத்துத் தருவார். முலாம்பழத்துக்கும் "இன்றைக்கா நாளைக்கா" கேள்வி வரும். பேரம் உணவுப் பொருளுக்கு இல்லை, பழம்பொருளுக்கு உண்டு. விளைவிக்கிறவர் யார், மொத்தச் சந்தையில் வாங்கி விற்கிறவர் யார் என்று கண்டுபிடிக்கக் கடையின் அகலத்தைப் பாருங்கள்: பூண்டு மட்டும், அல்லது தக்காளியும் சுரைக்காயும் மட்டும் வைத்து, விலைப்பலகையைக் கையால் எழுதியிருப்பவர் பெரும்பாலும் விவசாயி. வாழைப்பழமும் அன்னாசியும் இருந்தால் அவர் வியாபாரி. மணி பன்னிரண்டு ஆனதும் உணவகத்துக்குப் போய்விடுங்கள், இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். கோர்த், டோம் இரண்டும் குன்றின் மேல், தெருவெல்லாம் உருண்டைக் கல். முட்டிவலி இருந்தால் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் சிரமம். சென் பியேர், லூர்மரன், லீல்-சூர்-லா-சோர்க் மூன்றும் சமதரை, உட்காரக் காபிக் கடை பத்தடிக்கு ஒன்று.